எலும்பும் தோலுமாக மீட்கப்பட்ட குதிரை: முதல் குதிரையாக வைத்துக்கொள்ளலாமா?

வெண்கால்:
வணக்கம். மீட்பு மையம் ஒன்றிலிருந்து ஒரு பெண் குதிரையைத் தத்தெடுக்கக் கேட்கிறார்கள். வயது 9 அல்லது 10 இருக்கலாம். மீட்டு 5 நாள்தான் ஆகிறது. விலா எலும்புகளைத் தள்ளி நின்றே எண்ணலாம். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது, கழுத்து ஒட்டிப்போயிருக்கிறது. மார்புச் சுற்றளவு 160 செ.மீ., தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம் 150 செ.மீ. பரம சாது, குழந்தைகூடப் பிடித்து நடத்தலாம் போல நிற்கிறது. எனக்கு ஆறு மாத சவாரிப் பயிற்சி உண்டு, குதிரை வளர்த்த அனுபவம் இல்லை. முள்கம்பி வேலி போட்ட ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது, வேறு குதிரை இல்லை. உடம்பு தேற என்ன தீனி போடலாம்? கொள்ளு அவித்துக் கொடுக்கலாமா? எத்தனை நாளில் ஏறலாம்?

சேணக்காரன்:
கொள்ளு இப்போது வேண்டவே வேண்டாம். தானியம், தவிடு, வெல்லம் எதுவும் வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பட்டினி கிடந்த குதிரைகள் மீட்கப்பட்ட பிறகு சாவது பெரும்பாலும் பாசத்தோடு போட்ட தீனியால்தான்.

நீங்கள் கொடுத்த அளவுப்படி எடை: சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880. அதாவது 160 × 160 × 150 ÷ 11,880 = சுமார் 323 கிலோ. உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் ஹென்னிக்கி அளவுகோல் (1983) ஒன்று உண்டு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 2 போலத் தெரிகிறது. 5 வந்தால்தான் சரியான உடம்பு.

பட்டினியில் உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்தே உயிர் வாழ்கிறது. அந்த நேரத்தில் மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் சட்டென்று ஏறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியத்தையெல்லாம் உயிரணுக்கள் இழுத்துக்கொள்ளும். விளைவு, இதயமும் மூச்சும் தடுமாறும். தீனி தொடங்கிய 3 முதல் 10 நாட்களுக்குள் நடக்கும் ஆபத்து இது. உங்கள் குதிரை 5-ஆம் நாளில் இருக்கிறது, அபாயக் கட்டம் இன்னும் தாண்டவில்லை.

காய்ந்த குதிரைமசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்)தான் இதற்கு நல்லது. மாவுச்சத்து குறைவு, மெக்னீசியமும் பாஸ்பரஸும் கூடுதல். இந்த அளவுள்ள குதிரைக்கு முதல் மூன்று நாள் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, வேளைக்கு 400 கிராம், இரவிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 வேளை. அடுத்த இரண்டு நாளில் மெதுவாகக் கூட்டுங்கள். 6-ஆம் நாளிலிருந்து 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றரை கிலோ. 10 நாள் கழிந்த பிறகு வேண்டிய அளவு தின்னவிடலாம். இந்தக் கணக்கு தீனி தொடங்கிய நாளிலிருந்து ஓடுவது. ஆகவே இந்த 5 நாளில் அங்கே என்ன, எவ்வளவு போட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். ரத்தப் பரிசோதனை பார்க்கும் கால்நடை மருத்துவர் உடன் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். நல்ல தண்ணீர் எப்போதும் எட்டும்படி இருக்கட்டும்.

சரியான எடைக்கு வர 3 முதல் 5 மாதம் ஆகும். அதுவரை முதுகில் சேணம் வைக்கும் பேச்சே கிடையாது. தசை இல்லாத முதுகில் சேணம் நேராக எலும்பில் உட்கார்ந்து புண்ணாக்கும்.

கனைப்பு:
தீனி பற்றி மேலே சொன்னது அத்தனையும் சரி. எனக்குக் கவலை தருவது “பரம சாது” என்ற சொல்.

அது குணமல்ல நண்பரே, பலவீனம். தலையைத் தூக்கவே தெம்பில்லாத குதிரை எல்லாரிடமும் சாதுதான். ஆறேழு வாரத்தில் உடம்பில் சத்து ஏறும்போதுதான் உண்மையான குதிரை வெளியே வரும். கயிற்றை இழுக்கும், தோளால் தள்ளும், தீனி நேரத்தில் காதைப் பின்னால் மடித்துப் பின்காலைத் தூக்கும். பசியை அறிந்த குதிரை தீனியைக் காவல் காக்கும், அதை முரட்டுத்தனம் என்று அடித்தால் இன்னும் மோசமாகும். புதியவர்கள் குதிரையைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். இரண்டாவது முறை வீடு மாறும் குதிரைக்கு அடுத்த இடம் கிடைப்பது கடினம்.

அதனால் இப்போதே கூட்டிவர வேண்டாம் என்பேன். 4 அல்லது 5 மதிப்பெண் வரும்வரை அங்கேயே இருக்கட்டும், செலவில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு முறை போய்ப் பழகுங்கள். உடம்பு தேறியபின் இவற்றைக் கண்ணால் பாருங்கள்: திறந்த வெளியில் பிடிக்க நிற்கிறதா, நான்கு குளம்பையும் அரை நிமிடம் கையில் கொடுக்கிறதா, கட்டிவைத்தால் பத்து நிமிடம் பொறுக்கிறதா, மற்ற குதிரைகளை விட்டுத் தனியே நடந்து வருகிறதா, வண்டியில் ஏறுகிறதா. முன்பு சவாரி செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால், முதுகில் ஆளே ஏறாத குதிரை என்று வைத்துக்கொண்டு பயிற்சியாளரிடம் விடுங்கள்.

பழகும்போது: மூன்றரை மீட்டர் பருத்திக் கயிறு. மீதிக் கயிற்றைக் கையில் சுற்றாமல் மடித்துப் பிடியுங்கள். சுற்றினால் குதிரை மிரண்டு ஓடும்போது விரல் போய்விடும். நேர் முன்னாலும் நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது, குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாகப் போங்கள். கயிற்றில் லேசாக அழுத்தம், அது ஒரு அடி பின்வாங்கியதும் உடனே தளர்வு. அந்தத் தளர்வில்தான் அது கற்றுக்கொள்கிறது. கையிலிருந்து தின்பண்டம் ஊட்டாதீர்கள், கடிக்கப் பழகும்.

வெண்கால்:
மிக்க நன்றி. கொள்ளு ஊறப்போட்டு வைத்திருந்தேன், நல்லவேளை கேட்டேன். அங்கேயே விடுவதற்கு மையத்தில் பேசுகிறேன். அதற்குள் என் நிலத்தில் செய்ய வேண்டியது என்ன?

லாயம்_காப்பவர்:
முள்கம்பியை முழுவதும் எடுத்துவிடுங்கள். கால் மாட்டினால் குதிரை நின்று யோசிக்காது, பலத்தோடு பின்னால் இழுத்துத் தசைநாரை அறுத்துக்கொள்ளும். மரச்சட்டமோ, தூரத்திலேயே தெரியும் அகல மின்நாடாவோ போடலாம். உயரம் ஏறக்குறைய 1.4 மீட்டர்.

தனியாக வைக்காதீர்கள். கூட்டத்தில் வாழும் பிராணி தனிமையில் வேலியோரமாக ஓடியோடியே இளைக்கும். வயதான அமைதியான குதிரை துணைக்கு நல்லது. கழுதையும் ஒத்துவரும், ஆனால் நுரையீரல் புழுவைக் குதிரைக்குப் பரப்பும் என்பதால் முன்கூட்டியே பரிசோதித்து மருந்து கொடுக்க வேண்டும். துணை ஏற்கெனவே இருந்தால், புதிதாக வருவதை 3 வாரமாவது தனித்தொட்டி, தனிக்கயிறு, தனித்தூரிகையோடு தள்ளி வையுங்கள், ஒன்றையொன்று பார்க்கும்படி. ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டைக்கட்டி நோய் தொற்றி 3 முதல் 14 நாள் கழித்தே தெரியும். மூக்கொழுகலுக்கு ஓரிரு நாள் முன்பே காய்ச்சல் வரும், ஆகவே காலை மாலை வெப்பம் எடுங்கள்.

இயல்பான அளவு: வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி, நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. இந்த எண்களை லாயக் கதவில் ஒட்டி வையுங்கள். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தரையைப் பறிப்பது, புரள்வது, லத்தி போடாமலிருப்பது எல்லாம் வயிற்றுவலிக்கு அடையாளம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, பொறுத்துப் பார்க்கும் நோயல்ல இது. நாடி 60-ஐத் தாண்டினால் மருத்துவர் வந்துகொண்டிருக்க வேண்டும்.

குடற்புழு மருந்தை நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள். லத்தியில் முட்டை எண்ணிப் பார்த்தபிறகு மருத்துவரே தேர்ந்தெடுக்கட்டும். மாக்சிடெக்டின் கொழுப்பில் தங்கும் மருந்து, கொழுப்பே இல்லாத உடம்பில் நஞ்சாகிவிடும். பாதி மென்ற புல் உருண்டையாகக் கீழே விழுந்தால் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள், பல் கெட்டிருந்தால் எவ்வளவு போட்டாலும் உடம்பில் ஒட்டாது. ரணஜன்னித் தடுப்பூசி கட்டாயம். குளம்பு சீவ 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை ஆள் வரவேண்டும், அவரை இப்போதே பேசி வையுங்கள்.

சேணக்காரன்:
ஒன்று விட்டுப்போனது. பெண் குதிரை, பொலிக்குதிரையோடு இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. சினை பார்க்கச் சொல்லுங்கள். சினைக்காலம் சுமார் 340 நாள், மெலிந்த உடம்பில் கடைசி மாதங்கள் வரை வெளியே தெரியாமலே போகலாம். சினை என்றால் தீனிக் கணக்கு, புழு மருந்து, தடுப்பூசி எல்லாமே மாறும். குட்டி யாருடைய பொறுப்பு என்பதையும், உங்களால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் மையமே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதையும் தத்துப் பத்திரத்தில் எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.