சிறைக்குள் போனவன் எல்லாம் பெரிய குற்றவாளியாகத்தான் வருவானா?

புரசை ராஜன்:
நேற்று குண்டர் சட்டம் பற்றிய பேச்சில் மதுமிதா மேடம் "செல்போன் பறித்தவனை உள்ளே போட்டால் கொலைகாரனாகத்தான் வெளியே வருவான், எல்லாம் சேர்க்கை" என்று எழுதிவிட்டுப் போனார், கீழே வரிசையாக ஆமாம் சாமி. எல்லோரும் சொல்வதால் ஒன்று உண்மையாகிவிடாது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். பேயர், ஹியால்மர்சன், போசன் மூவரும் 2009ல் வெளியிட்ட ஆய்வு. 169 சிறார் இல்லங்கள், 8,000க்கும் மேற்பட்ட சிறார்கள். வீடு புகுந்து திருடியவர்களோடு அடைபட்டவன் வெளியே வந்து அதே திருட்டில் மாட்டும் வாய்ப்பு கூடுகிறதா? கூடுகிறது. யாருக்கு? முன்பே அந்தத் திருட்டைச் செய்தவனுக்கு. செய்யாதவனுக்குப் புதிதாக ஒட்டியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

மதுமிதா:
நான் எழுதியது "ஆகவும் வாய்ப்புண்டு". "ஆகத்தான்" என்பது நீங்கள் சேர்த்தது.

அமெரிக்கா என்றால் கேம்பிரிட்ஜ் சோமர்வில் திட்டத்தையும் பேச வேண்டும். பையன்கள் குற்றத்துக்குப் போகாமல் தடுக்க ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் தொடங்கியது, 506 பையன்கள். ஒரே மாதிரிப் பையன்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, நாணயம் சுண்டி ஒருவனுக்கு மட்டும் உதவி. ஆலோசகர் வீட்டுக்கு வருவார், பாடத்துக்கு ஆள் வைப்பார்கள், கோடை முகாமுக்கு அனுப்புவார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தார், 1978ல் எழுதினார். உதவி பெற்றவர்கள் பல விஷயங்களில் பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். பிறகு அதையே இன்னும் அலசியபோது, கெடுதல் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முகாமுக்குப் போனவர்களிடம் இருந்தது தெரிந்தது. அது சிறை கிடையாது, வெறும் முகாம். பையன்களை ஒன்றாகச் சேர்த்துவைத்ததே போதுமாக இருந்திருக்கிறது.

புரசை ராஜன்:
நாணயம் சுண்டியது உதவி யாருக்கு என்பதற்கு. முகாமுக்கு யாரை அனுப்புவது என்று நாணயமா சுண்டினார்கள்? திட்டத்தில் இருந்தவர்கள்தான் முடிவு செய்தார்கள். எவன் வீட்டில் தொல்லையோ அவனை இரண்டாம் தடவையும் அனுப்பியிருப்பார்கள். அவன் முதலிலேயே அப்படி. ஹார்வர்டின் குளூயெக் தம்பதி 500 குற்றச் சிறுவர்களையும் 500 சாதாரணச் சிறுவர்களையும் ஒப்பிட்டு 1950லேயே சொன்னது இதுதான்: கெட்ட பிறகுதான் கூட்டு சேர்கிறான். செய்யாதவனுக்கு ஒட்டவில்லை, மறுபடியும் சொல்கிறேன்.

வக்கீல் செல்வி:
ராஜன் சார், குளூயெக் தம்பதிக்கு எதிர்ப்பக்கம் குற்றவியல் அறிஞர் எட்வின் சதர்லாண்ட் இருந்தாரே, அவர் பேர் உங்கள் பதிவில் வராதது ஏன்? எப்படித் திருடுவது என்பதோடு, திருடுவது தப்பில்லை என்ற நியாயத்தையும் மனிதன் நெருங்கிப் பழகுகிறவர்களிடம்தான் கற்கிறான் என்று சொன்னவர். பேச்சில் ஒரு பக்கத்தை மட்டும் வைப்பது உங்கள் வழக்கம், தெரியும்.

நம் ஊர் நிலைமை இது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர், அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் தீர்ப்பே வராதவர்கள். அவர்களில் குற்றமே செய்யாதவனும் இருப்பான். அவன் யாரோடு படுக்கிறான், யார் தட்டில் சாப்பிடுகிறான், மனு போட்டுச் சிறையில் வந்து பார்க்க ஆள் இல்லாதவனுக்குச் சோப்பு யார் வாங்கித் தருகிறான்? வாங்கித் தந்தவன் வெளியே வந்ததும் ஒரு வேலை சொல்வான், மறுக்க முடியாது. மதராஸ் மாகாணத்தில் 1925லேயே பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் போட்டது எதற்கு? இளவயதுக்காரனைப் பழம் தின்று கொட்டை போட்டவர்களிடமிருந்து பிரித்து வைக்கத்தானே?

கொங்கு தம்பி:
சிறையை விடுங்கள் அக்கா. சென்னையில் காலேஜ் பசங்க பஸ் ரூட்டுக்கு ஒரு தலைவன் வைத்துக்கொண்டு மோதுகிற ரூட்டு தல என்று ஒன்று இருக்கிறதே, 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பஸ்ஸில் கத்தியோடு வெட்டிக்கொண்டார்கள். அவர்கள் எந்த ஜெயிலில் படித்தார்கள்?

புரசை ராஜன்:
தம்பி, அந்த பஸ்ஸில் தினமும் நூறு மாணவர்கள் போகிறார்கள், கத்தி எடுத்தவர்கள் எத்தனை பேர்? சேர்க்கைதான் காரணம் என்றால் நூறு பேரும் எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தாயும் "என் பிள்ளை நல்லவன், கூட்டாளிகள் கெடுத்துவிட்டார்கள்" என்கிறாள். அந்தக் கூட்டாளியின் தாயும் அதையேதான் சொல்கிறாள். அப்படியானால் கெடுத்தவன் யார்? எல்லோரையும் பாதிக்கப்பட்டவனாக ஆக்கிவிட்டால் செயினைப் பறிகொடுத்துக் கழுத்தில் தையல் போட்ட அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

முன்னாள் ஏட்டு:
எல்லோரும் புத்தகத்திலிருந்து பேசுகிறீர்கள். நான் ஸ்டேஷன் வாசலிலிருந்து சொல்கிறேன். கண்டிஷன் பெயிலில் வருகிறவனுக்குக் கோர்ட்டு தினமும் காலை 10.30க்குக் கையெழுத்து போடச் சொல்லும், எல்லோருக்கும் அதே 10.30. வேப்பமரத்தடியில் செயின் பறிப்பு ஒருத்தன், கஞ்சா ஒருத்தன், அடிதடி ஒருத்தன் நிற்பான். முதல் வாரம் தனித்தனியாக நிற்பார்கள், முகம்கூடப் பார்க்க மாட்டார்கள். அடுத்த வாரம் ஒரு பீடியை மூன்று பேரும் மாற்றி மாற்றி இழுப்பார்கள். அப்புறம் ஒரே பைக்கில் வருவார்கள், போவார்கள். கடைசியில் ஒரே எஃப்.ஐ.ஆரில் ஏ1, ஏ2, ஏ3. நானே எழுதியிருக்கிறேன்.

வக்கீல் செல்வி:
அந்தக் கையெழுத்தை ஐந்து நிமிடத்தில் வாங்கி அனுப்பியிருந்தால் பீடி இழுக்க நேரம் ஏது? ரைட்டர் வரவில்லை, நோட்டு பீரோவில் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ரவுண்ட்ஸ் என்று மதியம் வரை நிற்க வைப்பது யார், ஏட்டய்யா?

முன்னாள் ஏட்டு:
வந்துவிட்டீர்களா? ஹெல்மெட் விவாதத்திலும் இப்படித்தான் கடைசியில் பழி காக்கிச்சட்டை மேல் வந்து விழுந்தது. பெயில் எடுத்துக் கொடுப்பது நீங்கள், பத்து மணி டியூட்டிக்கு மேல் நின்று அவனைப் பார்த்துக்கொள்வது நாங்கள்.

புரசை ராஜன்:
உங்கள் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டு சொன்னது என் கட்சிக்குத்தான் பலம். மூன்று பேரும் முன்பே கேஸ் உள்ளவர்கள். அதாவது செய்தவனுக்கு ஒட்டுகிறது, செய்யாதவனுக்கு ஒட்டவில்லை.

வக்கீல் செல்வி:
ஏட்டய்யா, கோபம் இருக்கட்டும். ஒரே எஃப்.ஐ.ஆர் என்றீர்களே, அது என்ன கேஸ்?

முன்னாள் ஏட்டு:
வழிப்பறி. கஞ்சாக்காரனுக்கு அதற்கு முன் வழிப்பறி கேஸ் கிடையாது.

மதுமிதா:
ராஜன் சார், கவனித்தீர்களா? கஞ்சாவில் இருந்தவன் வழிப்பறிக்குப் போயிருக்கிறான். உங்கள் புளோரிடாக் கணக்குப்படி இது நடக்கக்கூடாது.

புரசை ராஜன்:
ஒரு வேப்பமரத்தை வைத்து 169 இல்லங்களை அடிக்கப் பார்க்கிறீர்களா? கேஸ் இல்லை என்றால் செய்யவில்லை என்று அர்த்தமா? முன்பும் செய்திருப்பான், மாட்டியிருக்க மாட்டான்.

மதுமிதா:
அப்படி வாருங்கள். புளோரிடாவிலும் பார்த்தது பதிவேட்டைத்தானே? அங்கே "முன்பு செய்யாதவன்" என்று வைத்தது பதிவில் இல்லாதவனை. வெளியே வந்து மாட்டாமல் செய்தவனும் அந்தக் கணக்கில் வர மாட்டான். கஞ்சாக்காரனுக்கு ஒரு நியாயம், உங்கள் ஆய்வுக்கு ஒரு நியாயமா?

கொங்கு தம்பி:
அக்கா சரியான இடத்தில் பிடித்தார்.

புரசை ராஜன்:
தம்பி, கை தட்டுவதற்கு முன் அந்த ஆய்வைத் திறந்தாவது பார்த்தாயா? 8,000 பேரை வைத்துச் செய்தவர்களுக்கு இது தோன்றியிருக்காதா? மேடம், பேச்சை மாற்ற வேண்டாம். "கொலைகாரனாகத்தான்" என்று நீங்கள் எழுதியதை நான் அப்போதே எடுத்து வைத்திருக்கிறேன், போடட்டுமா? செல்போன் பறித்தவன் உள்ளே இருந்த சேர்க்கையால் மட்டும் கொலைகாரனான கணக்கு எங்கே? முகாமைச் சொன்னீர்கள், சதர்லாண்டைச் சொன்னார்கள், பஸ்ஸைச் சொன்னான், பீடியைச் சொன்னார். நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மதுமிதா:
போடுங்கள். முழுப் பதிவையும் போடுங்கள், பாதியை வெட்டிவிட்டுப் போடாதீர்கள்.

முன்னாள் ஏட்டு:
வக்கீலம்மா, நோட்டு பீரோவில் இருக்காது, ரைட்டர் மேஜையில்தான் இருக்கும். ஸ்டேஷனுக்குள் வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வக்கீல் செல்வி:
வந்து, உட்கார நாற்காலிகூட இல்லாமல் வாசலில் நின்றதால்தான் எழுதுகிறேன்.