கூட்டுக் கணக்கு ஸ்டேட்மென்ட்டை எதிர்த்தரப்புக்கு முழுசாகக் கொடுக்காமல் இருக்க வழி உண்டா?

சென்னை தொழிலாளர் நீதிமன்றத்தில் 2024 முதல் என் பணிநீக்க வழக்கு நடக்கிறது. பணிநீக்கத்துக்குப் பிறகு வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளத்தையும் (பின் சம்பளம்) கேட்டிருப்பதால், இடையில் வேறு வேலை பார்த்தேனா என்று பார்க்க வங்கி ஸ்டேட்மென்ட் முழுவதும் வேண்டும் என்கிறது நிறுவனத் தரப்பு. அது மனைவியோடு சேர்ந்த கணக்கு. மகள் பள்ளிக் கட்டணம், அம்மாவின் டயாலிசிஸ் பில் எல்லாம் வரி வரியாக இருக்கிறது, பழைய மேனேஜர் கைக்கு அது போகவே கூடாது.

ஆதாரில் கடைசி 4 எண் மட்டும் தெரியும் நகல் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். ஸ்டேட்மென்ட்டில் வரவை மட்டும் விட்டு மற்றதைக் கறுப்படித்ததற்குத்தான் ஆட்சேபம். என் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறைப் படிவம் 26ஏஎஸ் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தாயிற்று, சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்திருந்தால் அதிலேயே தெரியுமே, போதாதாம். அடுத்த வாய்தாவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

முழு ஸ்டேட்மென்ட்டை நீதிபதி பார்வைக்கு மட்டும் சீலிட்ட உறையில் கொடுக்க இடைக்கால மனு போட்டு யாராவது உத்தரவு வாங்கியிருக்கிறீர்களா?