சிஸ்பிளாட்டினும் நெல்லிச்சாறும்: உங்கள் அனுபவம் என்ன?

பொருநைக்கரை:
அப்பாவுக்கு வாய்ப்புற்று. கதிர்வீச்சோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. அது சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியது என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பா எங்கோ படித்துவிட்டு நெல்லிச்சாறும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையும் வாங்கி வந்தார். "கிட்னிக்குக் கவசம், அண்ணா" என்றார். எதைக் கொடுத்தாலும் இரும்பு வாடை என்று தள்ளிவிடும் அப்பா, அதை மட்டும் மறுக்காமல் குடித்தார். இளம் மருத்துவர் ஒருவர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிகிச்சை முடியும்வரை இரண்டும் வேண்டாம்" என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "அப்படியென்றால் என் கிட்னியைப் பற்றி இவர்களுக்குக் கவலையே இல்லையா?" பதில் தெரியாமல் ஆட்டோ தேடப் போனேன்.

வார்டு அக்கா:
கவலை இருப்பதால்தான் தம்பி, மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் ஏற்றுகிறார்கள், அதில் மெக்னீசியம் கலக்கிறார்கள், கிரியேட்டினின் (ரத்தத்தில் இது ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று பொருள்) பார்க்காமல் அடுத்த தவணையைத் தொடுவதில்லை. காப்பது தண்ணீர். என் மனத்தை உறுத்துவது வேறு. கருப்பைவாய்ப் புற்றுக்கு வந்த ஒரு பாட்டி தண்ணீரே குடிக்க மாட்டார். செம்பு செம்பாகக் கொடுத்தும் ஜன்னலுக்கு வெளியே ஊற்றியிருக்கிறார். கழிப்பறை வார்டின் மறுகோடியில். டிரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு ஆண்கள் முன்னால் போகக் கூச்சம். யாரும் அவரிடம் கேட்கவில்லை, கிரியேட்டினின் ஏறிய பிறகுதான் சொன்னார்.

எலிக்கூடு:
என் முனைவர் பட்ட ஆய்வே இதுதான். எலிக்கு ஒரே ஒரு சிஸ்பிளாட்டின் ஊசி போட்டால் சில நாள்களில் கிரியேட்டினின் ஏறிவிடும். முன்கூட்டியே மூலிகைச் சாறு கொடுத்த எலிகளில் அவ்வளவு ஏறவில்லை. அதை ஒரு நாளிதழ் செய்தியாக்கியது. மறுநாள் ஒருவர் தொலைபேசியில், "ஐயா, என் மனைவிக்கு எத்தனை கிராம் கொடுக்கட்டும்?" என்றார். எங்கள் எலிகளுக்குப் புற்றுநோயே கிடையாது. சிறுநீரகத்தைக் காத்த அதே சாறு கட்டியையும் காப்பாற்றிவிடுமா என்று நாங்கள் பார்க்கவே இல்லை. அவரோ பேனாவோடு காத்திருந்தார்.

திண்ணை மாமா:
எலிக்கூடு சொல்வதைப் பார்த்தால் யாரும் எலியை ஆராயவே கூடாது போலிருக்கிறது. மனிதனுக்கு வந்ததும் உண்டு ஐயா. அமிஃபாஸ்டின் என்ற மருந்தை, சினைப்பைப் புற்றுக்கு சிஸ்பிளாட்டின் பெறுவோரின் சிறுநீரகத்தைக் காக்க, 1995இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஆனால் ரத்த அழுத்தம் விழும், குமட்டல் வாட்டும். சோடியம் தயோசல்பேட் 2022இல் அனுமதி பெற்றது, அதுவும் சிஸ்பிளாட்டினால் கெடக்கூடிய குழந்தைகளின் காதைக் காக்க. கந்தகம் உள்ள பொருள் பிளாட்டினத்தைப் பிடித்துக்கொள்ளும். எனவே சிஸ்பிளாட்டின் ஏற்றி 6 மணி நேரம் கழித்தே தயோசல்பேட்டைக் கொடுப்பார்கள். நேரம் தப்பினால் சிஸ்பிளாட்டினே வீண். இதைச் சித்தப்பாவின் புட்டியில் எழுதியிருக்கிறதா?

என் கதை சிறியது. மருந்துக்கடை வைத்திருந்தபோது கீமோ கோப்பைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை கேட்டார். மறுத்தேன், எதிர்க்கடையில் வாங்கிப் போனார். எல்லோரும் கவனியுங்கள்: வலி மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள், அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வைட்டமின் சி அளவு மீறினால் ஆக்சலேட் என்ற உப்பாகி, காக்க வேண்டிய சிறுநீரகத்திலேயே படியும். கேரளத்தில் இரும்பன்புளி என்ற புளிப்புக் காயின் சாற்றைக் கொலஸ்டிராலுக்கென்று குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் உண்டு. சாறு என்றால் சாது என்று நினைக்காதீர்கள். வாந்தி நிற்காமல் தண்ணீர் இறங்காவிட்டால் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள். சிறுநீர் குறைந்தாலும் அப்படியே. காதில் இரைச்சல் கேட்டாலும் சொல்லுங்கள்.

எலிக்கூடு:
எலியை ஆராயக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? நீங்கள் சொன்ன ஆறு மணி நேரக் கணக்கு சரி.

பொருநைக்கரை:
மாமா, நன்றி. அக்கா, ஒரு சந்தேகம். நேற்றிரவு முதல் அப்பாவுக்கு விரல்கள் இழுத்துக்கொள்கின்றன, உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது என்கிறார். இதுவும் கீமோவால்தானா?

வார்டு அக்கா:
மெக்னீசியமும் கால்சியமும் குறைந்திருக்கலாம். அடுத்த தவணை வரை பொறுக்காதே. இன்றே அழைத்துப் போய் ரத்தம் எடுக்கச் சொல். சாறு குடித்ததையும் மறைக்காமல் சொல்.