லாபம் இருந்தது, டாலர் இல்லை

2013-லிருந்து 2019 வரை நைஜீரியாவில், லாகோஸ் நகரில், வெளிநாட்டு முதலீட்டில் ஓடிய ஒரு பிளாஸ்டிக் பேக்கேஜிங் கம்பெனியில் கணக்குப் பார்த்தேன். அங்கே தொழில் என்றதும் எல்லாரும் என்னிடம் விசாரிப்பது லஞ்சத்தைப் பற்றித்தான். அதை எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். சம்பாதித்த பணம் நாட்டை விட்டு வெளியே போக முடியாமல் மூன்று வருஷம் நின்ற கதையை நான் சொல்கிறேன்.

போன புதிதில் ஒரு குறையும் இல்லை. கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது, வங்கியில் கேட்ட டாலர் கிடைத்தது. முதலீடு கொண்டுவருகிறோம் என்றால் மாலை போடாத குறைதான். 2014 நடுவில் விலை சரிய ஆரம்பித்தது. அந்த நாட்டுக்கு வரும் டாலரில் பெரும்பகுதி எண்ணெய் விற்றுத்தான் வருகிறது, அதனால் அடுத்த வருஷமே டாலருக்குத் தட்டுப்பாடு. ஆனாலும் அந்த நாட்டுப் பணமான நைராவை இறங்க விடாமல் டாலருக்கு 199 பக்கத்தில் பிடித்து வைத்தார்கள். அப்படிப் பிடித்து வைக்க வேண்டுமென்றால் டாலர் கேட்டு வருகிறவர்களைக் குறைத்தாக வேண்டும், வேறு வழி கிடையாது.

2015 ஜூனில் மத்திய வங்கியிடமிருந்து 41 வகைப் பொருள்களின் பட்டியல் வந்தது. இறக்குமதிக்குத் தடை இல்லையாம், இவற்றுக்கு வங்கியில் டாலர் மட்டும் கிடைக்காதாம். அரிசி, சிமெண்ட் என்று படித்துக்கொண்டே போனால் பல்குச்சி! அலுவலகமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பாலிபுரொப்பிலீன் கிரானுல்ஸ் என்ற வரி கண்ணில் பட்டது. வெள்ளைக் குருணை மாதிரி மூட்டையில் வரும், எங்களுக்கு மூலப்பொருளே அதுதான்.

விலக்குக் கேட்டு விண்ணப்பம் போட்டோம். யாரிடம் போய் நிற்பது? புதிய அதிபர் புஹாரி மே 29 அன்று பதவி ஏற்றார், அமைச்சர்கள் பதவி ஏற்றது நவம்பர் 11 அன்று. ஐந்தரை மாதம் அமைச்சரே இல்லாத அரசாங்கம். அதிகாரிகள் மரியாதையாக உட்கார வைத்துப் பேசுவார்கள், கையெழுத்து என்றதும் கூரையைப் பார்ப்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, நாளைக்கு யார் வந்து என்ன கேட்பார் என்று அவர்களுக்கே தெரியாது. 2016 தொடக்கத்தில் வெளிச்சந்தை டாலர் 300 நைராவைத் தாண்டிவிட்டது, நாங்கள் அதில் வாங்கித்தான் மெஷினை ஓட்டினோம்.

2014 லாபத்துக்கு டிவிடெண்ட், அதாவது பங்குதாரர்களுக்கான லாபப் பங்கு, அறிவித்திருந்தோம். தலைமையகத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒரே கேள்வி: லாபம் காட்டுகிறீர்களே, பணம் எங்கே? பணம் வங்கியில் பத்திரமாகத்தான் இருந்தது, நைராவாக. 2016 ஜூன் 20 அன்று நைராவை அவிழ்த்து விட்டார்கள், ஒரே நாளில் 282-க்குப் போனது. 19.9 கோடி நைரா என்று வைத்துக்கொள்ளுங்கள், முந்தின வாரம் அது 10 லட்சம் டாலர், அன்று சாயங்காலம் 7 லட்சம்.

சரி, இனியாவது அனுப்பலாம் என்று போனால் வேறொரு சிக்கல், அது நாங்களே வைத்துக்கொண்டது. வெளிநாட்டுப் பணம் உள்ளே வந்ததும் 24 மணி நேரத்துக்குள் வங்கி ஒரு மூலதன இறக்குமதிச் சான்றிதழ் தர வேண்டும், சிசிஐ என்பார்கள். பின்னால் லாபத்தை டாலராக வெளியே எடுக்க அந்தத் தாள்தான் ஆதாரம். எங்கள் இரண்டாவது தவணை தாய்க் கம்பெனி கொடுத்த கடனாக வந்தது, சான்றிதழிலும் கடன் என்றே இருந்தது. அப்புறம் அதைப் பங்காக மாற்றினோம், தாளை யாரும் மாற்றவில்லை. அப்போதே வங்கியில் கேட்டேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். திருத்தி வாங்க பதினொரு மாதம் ஆனது. முதலீட்டாளர்களுக்கென்று திறந்த புதிய டாலர் சந்தை மூலம் 2017 கடைசியில் ஒரு வழியாகப் பணம் போனது, டாலருக்கு 360 நைரா வீதத்தில். அந்த 10 லட்சம் இப்போது ஐந்தரை லட்சம்.

இதே சமயம் கெய்ரோவில் இருந்த நண்பர் ஒருவர் என்னைவிடக் கெட்டிக்காரர். எகிப்து 2016 நவம்பரில் தன் பணமான பவுண்டின் விலையைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்று மிதக்க விட்டபோது அவர் கம்பெனிக்கு அடி குறைவு. அன்றாடச் செலவுக்கெல்லாம் உள்ளூர் வங்கியில் உள்ளூர்ப் பணத்திலேயே கடன் வாங்கியிருந்தார். வட்டி அதிகம் என்று நான்தான் கிண்டல் செய்திருக்கிறேன். பணம் விழுந்தபோது, டாலர் கணக்கில் கடனும் சேர்ந்து விழுந்தது.

2018 ஆகஸ்டில் ஒரு செய்தி வந்தது. எம்டிஎன் என்ற தென்னாப்பிரிக்க செல்போன் கம்பெனி ஒழுங்கில்லாத சிசிஐ-களை வைத்து 810 கோடி டாலரை வெளியே கொண்டுபோய்விட்டது, திருப்பிக் கொண்டுவா என்று நைஜீரிய மத்திய வங்கி கேட்டது. அதன் வேர், பங்குதாரர் கொடுத்த கடனைப் பங்காக மாற்றியது! கடைசியில் டிசம்பரில் ஏறக்குறைய 5.3 கோடி டாலரில் முடிந்தது, ஆனால் முடியும் என்று ஆகஸ்டில் யாருக்குத் தெரியும்? அன்று ராத்திரி அலுவலகத்துக்குத் திரும்பிப் போய் ஃபைலை எடுத்தேன். திருத்தக் கடிதம் இருந்தது, கையெழுத்தும் இருந்தது, முத்திரையில் தேதி மட்டும் பாதிதான் பதிந்திருந்தது. மறுநாள் காலை வங்கி திறக்கும் முன்பே அந்தக் கடிதத்தோடு வாசலில் போய் நின்றேன்.