கிளென் மில்லரை நான் தவறவிட்ட இரண்டு தடவை

வார இறுதியில் கூடி வாசிக்கும் ஓர் அமெச்சூர் பிக் பேண்டில் (பெரிய ஜாஸ் குழு) எனக்குக் கிடைத்தது டெனர் சாக்ஸபோன். அமெரிக்க பேண்ட் தலைவர் கிளென் மில்லரின் ‘மூன்லைட் செரனேட்’ இசைத்தாளை முதல் தடவை விரித்தால், கிளாரினெட்காரர் வாசிக்கிற அதே மெட்டு, ஒரு ஸ்தாயி கீழே, அவ்வளவுதான். ஒப்புக்குச் சப்பாணியாக என்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அப்புறம் ஒரு நாள், நான் போகாத ஒத்திகையின் பதிவைக் கேட்டேன். கிளாரினெட் தனியாக உச்சியில் கீச்சென்று நிற்கிறது, மற்ற சாக்ஸபோன்கள் வேறு ஏதோ பாட்டுக்கு வந்தவை மாதிரி. மெட்டை மேலே கிளாரினெட்டும் கீழே டெனரும் பிடித்துக்கொள்ள, மற்ற சாக்ஸபோன்கள் நடுவில் நிரப்பும். மில்லர் சத்தம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

அது பிடிபடும் முன் மனிதர் நன்றாக அடி வாங்கினார். 1937-இல் தொடங்கிய பேண்ட் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. 1938-இல் மறுபடி ஆரம்பித்து, 1939 கோடையில் நியூயார்க் பக்கத்து நடன அரங்கமான கிளென் ஐலண்ட் கேசினோவிலிருந்து ரேடியோவில் ஒலித்த பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. அந்த உச்சத்திலேயே, 1942-இல், 38 வயதில் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ராணுவத்துக்குப் போய்விட்டார், அதுவும் கடற்படை வேண்டாம் என்று சொன்ன பிறகு! வயலின்கள் சேர்ந்த அந்த ராணுவ பேண்ட்தான் அவருடைய சிறந்த பேண்ட் என்பேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

போன வருடம் கேம்பிரிட்ஜ் பக்கம் மேடிங்லியில் உள்ள அமெரிக்கப் போர்க் கல்லறைக்குப் போயிருந்தேன். காணாமல் போனவர்களின் சுவரில் 5,127 பெயர்கள், 1944-இல் விமானத்தோடு காணாமல் போன மில்லருடையதும் அவற்றில் ஒன்று. கிளென்னைத் தேடிய கண் ஆல்டனைத் தாண்டிப் போய்விட்டது. அவருடைய முதல் பெயர் ஆல்டன் என்பதே அப்போதுதான் உறைத்தது.

•

இதைப் படித்த இன்னொருவர் எழுதியது: டெனர் சங்கதி எனக்குப் புதிது! நான் போனது பெட்ஃபோர்ட் அருகே ட்வின்வுட். மில்லர் கடைசியாகக் கிளம்பிய விமானதளம் அது. அதன் கட்டுப்பாட்டுக் கோபுரம் நின்றது, உள்ளே அவருக்கு ஒரு சின்ன அருங்காட்சியகம் இருந்தது. 1944 டிசம்பர் 15, மோசமான வானிலை, ஒற்றை எஞ்சின் நார்ஸ்மன் விமானம். பேண்ட் வருவதற்குள் பாரிஸில் ஏற்பாடுகளை முடிக்க முன்னால் கிளம்பியவர். சில நாள் கழித்துப் பேண்ட் போய் இறங்கியபோது அங்கே அவர் இல்லை.