உணவு ஆலைகளின் சைபர் இடரை ஒப்பிட என்ன சொல்?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

உணவுத் தொழில் கலைச்சொல் தொகுப்பில் ‘சைபர் ரிஸ்க் பெஞ்ச்மார்க்கிங்’ என்ற பதிவு இன்னும் காலியாகவே இருக்கிறது. ஒரே துறையின் இரண்டு மூன்று நிறுவனங்களை அருகருகே வைத்து, கணினித் தாக்குதல் வந்தால் யாருக்கு எவ்வளவு அடி என்று பார்ப்பதுதான் பொருள். காப்பீட்டுக்காரர் பிரீமியம் குறிக்கும்போது இது தேவைப்படுகிறது. பெரிய அங்காடி ஒன்று பாலையும் ரொட்டியையும் யாரிடம் வாங்குவது என்று முடிவெடுக்கும்போதும் தேவைப்படுகிறது.

வந்த பரிந்துரைகள்: சைபர் இடர் மதிப்பெண், சைபர் இடர்த் தரவரிசை, இணைய இடர்த் தரப்படுத்தல். எனக்குத் ‘தரவரிசை’ பிடித்திருக்கிறது. செய்தித்தாள் படிப்பவருக்கும் சட்டென்று புரியும். ஆலையின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும்.

மடல் 2

> எனக்குத் ‘தரவரிசை’ பிடித்திருக்கிறது

ஐயா, தரவரிசை வேண்டாம். ‘இடர்த் தரவரிசையில் முதலிடம்’ என்றால் மிகப் பாதுகாப்பான நிறுவனமா, மிக ஆபத்தான நிறுவனமா? படிப்பவர் பாதிப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள்.

‘மதிப்பெண்’ என்ற சொல்லில் சிக்கல் இதைவிடப் பெரிது. சந்தையில் விற்கும் மதிப்பெண்கள் நிறுவனத்தை வெளியிலிருந்து பார்த்துப் போடப்படுபவை. இணையத்துக்குத் திறந்து கிடக்கும் முகவரிகள், 3389 (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வழி) போன்ற போர்ட்டுகள், காலாவதியான சான்றிதழ்கள், மின்னஞ்சலுக்கு டிமார்க் (போலி அனுப்புநரைத் தடுக்கும்) பதிவு இருக்கிறதா, கசிந்த கடவுச்சொற்கள் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து பிட்சைட் 250 முதல் 900 வரை ஓர் எண் தருகிறது. செக்யூரிட்டி ஸ்கோர்கார்டு ஏ முதல் எஃப் வரை எழுத்துத் தருகிறது. அலுவலகக் கணினிகள் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றனவா என்பதற்கு இது ஓரளவு சான்றுதான். ஆனால் ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கும் பி.எல்.சி. (இயந்திரத்தை இயக்கும் சிறு கணினி), திரைப்பலகை, எடை பார்க்கும் கருவி, லேபிள் அச்சுப்பொறி எதையும் அது பார்ப்பதில்லை. ஆலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் டிசிபி நெறிமுறை 502-ஆம் போர்ட்டில் கடவுச்சொல்லே கேட்காமல் ஆணையை ஏற்கும். உள்வலைக்குள் ஒருவர் வந்துவிட்டால் வால்வைத் திறப்பதற்கு அவருக்கு வேறு தடை இல்லை. அந்த உண்மை 250–900 என்ற எண்ணுக்குள் எங்கேயும் இல்லை.

நடந்தவற்றைப் பாருங்கள். 2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா என்ற நாச நிரல், மாண்டலீஸ் என்ற பிஸ்கட், சாக்லேட் நிறுவனத்தின் 1,700 சர்வர்களையும் 24,000 மடிக்கணினிகளையும் பாழாக்கியது. 2021 மே 30 அன்று ஜேபிஎஸ் இறைச்சி நிறுவனம் தாக்குதலைக் கண்டுபிடித்தது. அமெரிக்காவில் மாட்டிறைச்சி ஆலைகள் நின்றன, ஆஸ்திரேலியாவிலும் வேலை தடைப்பட்டது. சில நாளில் பெரும்பாலான ஆலைகள் திரும்ப ஓடின. ஆனாலும் தாக்கியவர்களுக்கு 1.1 கோடி டாலர் கப்பம் கட்டப்பட்டது. கட்டியபோது ஆலைகளில் பெரும்பாலானவை இயங்கிக்கொண்டுதான் இருந்தன என்று நிறுவனமே சொன்னது. ஆகவே கட்டிய கப்பத்தை வைத்து இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டால் கணக்கு தப்பும். தரவு திருடுபோய் வெளியாகிவிடும் என்ற அச்சமும் அந்தத் தொகைக்குள் கலந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 29 அன்று ஜப்பானின் அசாஹி பீர் நிறுவனம் வேறொரு வகையில் விழுந்தது. அடிபட்டது ஆர்டர் எடுத்துச் சரக்கு அனுப்பும் கணினி. அக்டோபர் தொடக்கத்திலேயே ஆறு பீர் ஆலைகளும் மறுபடி ஓடத் தொடங்கின. ஆனால் ஆர்டரைத் தாளில் கையால் எழுதி வாங்க வேண்டியிருந்ததால் சரக்கு முழு அளவில் வெளியேறவில்லை.

மூன்றையும் ஒரே ‘மதிப்பெண்’ணில் அடக்க முடியாது. எது நின்றது, எத்தனை மணி நேரம் தாங்கியது, எப்போது மீண்டது: ஒப்பிட வேண்டியவை இவைதான். நாம் ஆக்கும் சொல் இவற்றைச் சுட்ட வேண்டும். குறைந்தபட்சம் இவற்றை மறைக்காமலாவது இருக்க வேண்டும்.

மடல் 3

வணக்கம். இலங்கையில் இருந்து எழுதுகின்றேன். ‘இடர்’ என்ற பகுதியிலேயே ஒரு தெளிவு வேண்டும்.

தமிழ்நாட்டில் ‘பேரிடர் மேலாண்மை’ என்கிறீர்கள்; நாங்கள் ‘அனர்த்த முகாமைத்துவம்’ என்கின்றோம். உங்கள் வழக்கில் ‘இடர்’ நிகழ்ந்துவிட்ட துன்பத்தையும் குறிக்கின்றது. ரிஸ்க் என்பதோ நிகழக்கூடியது. நிகழ்தகவும் விளைவும் சேர்ந்த ஒன்று. எங்கள் மத்திய வங்கியின் தமிழ் அறிக்கைகளில் அதற்கு ‘இடர்நேர்வு’ என்ற சொல் பல காலமாகப் பழக்கத்தில் உள்ளது. ‘நேர்வு’ என்ற பின்பகுதி, நேரக்கூடியது என்ற பொருளைத் தெளிவாகக் காட்டுகின்றது. ஆகவே ‘சைபர் இடர்நேர்வு ஒப்பீடு’ என்பது என் பரிந்துரை. ‘ஒப்பீடு’ என்றால் மேல் கீழ் என்ற குழப்பமும் எழாது.

‘சைபர்’ என்பதை ‘மின்வெளி’ ஆக்குவதா என்று இங்கே வாதாட வேண்டாம். அது வேறு இழைக்கு உரியது. காப்பீட்டு ஆவணத்தில் ‘சைபர்’ என்றே எழுதுகின்றார்கள், அப்படியே விடலாம்.

ஆவணச் சொல் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு மாண்டலீஸ் வழக்கே போதும். சூரிக் காப்பீட்டு நிறுவனம், நாட்பெட்யா ஒரு போர்ச்செயலுக்கு ஒப்பானது, ஆகவே ஒப்பந்தத்தின் விலக்குப் பிரிவில் அடங்கும் என்று கூறிக் கோரிக்கையை மறுத்தது. 10 கோடி டாலர் பற்றிய பிணக்கு. 2022இல்தான் சமரசத்தில் முடிந்தது.

மடல் 4

இடர்நேர்வுக்கு என் ஆதரவு. உணவுப் பாதுகாப்பு பக்கத்திலிருந்து ஒரு நிபந்தனை: ஹேசப் என்ற உணவுப் பாதுகாப்பு முறையில் ‘ஹசார்டு’ என்பதற்குத் ‘தீங்கு’ என்று எழுதுகிறோம். கிருமி, இரசாயனம், கண்ணாடித் துண்டு எல்லாம் அதில் அடக்கம். சைபர் பதிவில் ‘தீங்கு’ என்ற சொல்லை வேறு பொருளில் போட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே ஆலையில், ஒரே மேலாளரின் மேசையில் சந்திக்கும் சொற்கள்.

எப்படிச் சந்திக்கின்றன என்று ஒரு பால் ஆலையை வைத்துச் சொல்கிறேன். பாலை 72 டிகிரியில் 15 நொடி சூடாக்க வேண்டும். வெப்பம் குறைந்தால் திருப்பு வால்வு தானாகத் திரும்பி, பாலைப் பச்சைப்பால் தொட்டிக்கே அனுப்பும். அமெரிக்க விதிகளில் இந்த வெப்ப வரம்பைக் காக்கும் கருவிக்கு அரசு ஆய்வாளர் முத்திரை வைக்கிறார். ஆலைக் கணினியிலிருந்து அதன் அமைவை மாற்ற முடியாது. இரண்டு ஆலைகளை ஒப்பிடும்போது என் முதல் கேள்வி இதுதான்: இந்தப் பாதுகாப்பு முத்திரையிட்ட தனிக் கருவியில் இருக்கிறதா, அல்லது பொதுவான பி.எல்.சி. நிரலில் நாலு வரியாக இருக்கிறதா? பின்னதென்றால் சைபர் இடர்நேர்வு அங்கே உணவுத் தீங்காகவே மாறிவிடும். எத்தனை மணியில் மீண்டார்கள் என்பது அப்புறம்தான்.

அடுத்தது பதிவேடு. வெப்பப் பதிவு முழுவதும் கணினியில் இருந்து, அதைக் கப்ப நிரல் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) பூட்டிவிட்டால், பால் சரியாகத்தான் சூடாகியிருக்கும். ஆனால் அதற்குச் சான்று இல்லை. சான்று இல்லாத தொகுதியை விற்பனைக்கு விடுவிக்க முடியாது. லேபிளும் அப்படியே: தொகுதி எண், காலாவதித் தேதி, ஒவ்வாமைப் பொருள் பட்டியல் மூன்றும் ஈஆர்பி (ஆர்டர், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் நடத்தும் மென்பொருள்) வழியாக அச்சுப்பொறிக்கு வருபவை. ஈஆர்பி நின்றால் இயந்திரம் ஓடினாலும் பொட்டலம் வெளியே போகாது. வட்ட வெப்பப்பதிவுத் தாளும், முன்கூட்டியே அச்சிட்ட ஒரு வார லேபிளும் வைத்திருக்கும் பழைய ஆலை இந்த விஷயத்தில் புதிய ஆலையைவிட நன்றாகத் தாங்கும். நவீனமாக இருப்பதற்கு மதிப்பெண் கூட்டிப் போடும் பட்டியல்கள் இதைத் தவறவிடுகின்றன.

தாங்கும் நேரத்தைக் கணக்கிடுவது எளிது. எடுத்துக்காட்டாக, ஓர் ஆலையில் 1,00,000 லிட்டர் சைலோ (பச்சைப்பால் தொட்டி) மூன்று. ஏற்கெனவே 1,80,000 லிட்டர் நிரம்பியிருக்கிறது. மணிக்கு 12,000 லிட்டர் வருகிறது. மீதி இடம் 1,20,000 லிட்டர், அதாவது 10 மணி நேரம். அதன் பிறகு டேங்கர் லாரிகள் வாசலில் நிற்கும். பசு கறப்பது நிற்காது. சைலோவில் இருக்கும் பாலுக்கும் கெடு உண்டு: அமெரிக்க விதிப்படி பச்சைப்பால் தொட்டியை 72 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது காலிசெய்து கழுவ வேண்டும். 2021 அக்டோபரில் ஷ்ரைபர் ஃபுட்ஸ் என்ற அமெரிக்கப் பால்பொருள் நிறுவனத்தின் கணினிகள் விழுந்தபோது அதன் ஆலைகள் சில நாள் மூலப்பொருளை வாங்கவும் முடியவில்லை, சரக்கை அனுப்பவும் முடியவில்லை. ரொட்டிக்கு நேரம் இன்னும் குறைவு; புளித்த மாவு ஓரிரு மணிக்கு மேல் காத்திருக்காது. பிஸ்கட், சாக்லேட் என்றால் கிடங்கில் நாள்கணக்கில் இருப்பு இருக்கும்.

‘மேக்ஸிமம் டாலரபிள் டவுன்டைம்’ என்பதற்குத் ‘தாங்குநேரம்’ என்று வைக்கலாமா? நண்பர் ஒருவர் ‘கெடுநேரம்’ என்றார். கெடு என்பதில் தவணையும் உண்டு, கெட்டுப்போதலும் உண்டு. பாலுக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் பஞ்சாங்கத்துக் ‘கெட்ட நேரம்’ உடனே நினைவுக்கு வந்துவிடும்.

மடல் 5

தாங்குநேரம் நல்ல சொல் அம்மா, அதையே வைப்போம். அதன் இணையாக ‘மீள்நேரம்’. ஒரு திருத்தம் மட்டும்: ‘ரெக்கவரி டைம் ஆப்ஜெக்டிவ்’ என்பது நிறுவனம் தாளில் எழுதிவைத்த விருப்பம். அதை ‘மீள்நேர இலக்கு’ என்று தனியே பிரிக்க வேண்டும். ‘மீள்நேரம்’ என்பது, காப்புப் படியை உண்மையிலேயே எடுத்து, வெற்றுச் சர்வரில் ஏற்றி, முதல் பொட்டலம் லேபிளோடு வெளியே வரும்வரை கடிகாரம் வைத்து அளந்த நேரம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், சோதித்துப் பார்த்த நிறுவனமும் இலக்கை மட்டும் எழுதிவைத்த நிறுவனமும் பட்டியலில் சமமாகிவிடும்.

மீள்நேரத்திலிருந்து தாங்குநேரத்தைக் கழித்தால் வருவதுதான் ஒப்பிட வேண்டிய எண். அதற்கும் ஒரு பெயர் வேண்டும். ‘மிகைநேரம்’ தோதுப்படாது, அது ஓவர்டைம். ‘பாழ்நேரம்’ என்றால் வீணாய்ப்போன நேரம் என்று படிப்பார்கள். ‘தாங்காநேரம்’ என்றால் தாங்குநேரத்தின் எதிர்மறை என்று சொல்லித் தராமலே விளங்கும்.

மேலே சொன்ன பால் ஆலைக்குத் தாங்குநேரம் 10, அளந்த மீள்நேரம் 72 என்று கொள்வோம். தாங்காநேரம் 62 மணி. பிஸ்கட் நிறுவனம் ஒன்றுக்குக் கிடங்கில் 120 மணிக்கான இருப்பு, மீள்நேரம் 168, தாங்காநேரம் 48. மெதுவாக மீளும் நிறுவனத்துக்கு இங்கே இழப்பு மணிகள் குறைவு. ஆனால் இது பொட்டல வரிசை மட்டும் விழுந்தால். கிடங்கு மேலாண்மைக் கணினியும் அதே டொமைனில் (ஒரே நிர்வாகத்தில் இயங்கும் கணினித் தொகுதியில்) இருந்து சேர்ந்து விழுந்தால், 120 மணிச் சரக்கு இருந்தும் எடுத்து அனுப்ப வழியில்லை. தாங்குநேரம் சுழியம், தாங்காநேரம் 168. அசாஹியை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஆகவே நிறுவனத்துக்கு ஓர் எண் என்று போடக் கூடாது. எந்தக் கணினி விழுந்தால் எந்த உற்பத்தி வரிசைக்கு எவ்வளவு என்று வரிசைவாரியாகப் போட வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் அந்த வரிசையின் ஒரு மணி நேர இழப்பால் பெருக்கினால் பணக் கணக்கு வரும்.

ஒப்பிடுபவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் சில. நிறுவனங்களே நிரப்பிய கேள்வித்தாளை அப்படியே நம்புவது முதலாவது. ‘காப்புப் படி உண்டா’ என்ற கேள்விக்கு எல்லோரும் ‘உண்டு’ என்றுதான் குறிப்பார்கள். கேட்க வேண்டியது, கடைசியாக எந்தத் தேதியில் மீட்டுப் பார்த்தீர்கள், எத்தனை மணி ஆனது, பி.எல்.சி. நிரல்களின் படி அந்தக் காப்பில் சேர்ந்திருக்கிறதா, காப்புச் சர்வர் அதே நிர்வாகிக் கடவுச்சொல்லில் திறக்கிறதா என்பவை. கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் காப்பு இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். தாக்குபவர் முதலில் பூட்டுவது அதைத்தான். இரண்டாவது, இயந்திரம் விற்றவரின் தொலைவழி இணைப்பு. பொட்டல இயந்திரத்தோடு வரும் மோடம் பல ஆலைகளில் திறந்தே இருக்கும். அது பெரும்பாலும் நிறுவனத்தின் முகவரிப் பட்டியலில் இருக்காது, வெளியிலிருந்து போடும் மதிப்பெண்ணிலும் வராது. மூன்றாவது, விற்றுமுதலை வைத்துச் சமப்படுத்துவது. ஒரே விற்றுமுதல் உள்ள உறைகாய்கறி நிறுவனமும் கோழி நிறுவனமும் ஒன்றல்ல. பண்ணையில் கோழி வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டு ஒரு வாரம் தள்ளினால் எடை கூடி, தூக்கிச் செல்லும் கொக்கிக்கும் அறுக்கும் இயந்திரத்துக்கும் ஒத்துவராது.

ஆலை வலையமைப்பைப் பாதுகாப்புக்காகப் பகுதி பகுதியாகப் பிரிப்பது பற்றி ஐஇசி 62443 தரநிலை சொல்லும் ‘ஜோன்’ என்பதற்கு ‘வலயம்’ போதும். அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

மடல் 6

எல்லோருக்கும் நன்றி. தரவரிசையைக் கைவிடுகிறேன். பதிவை இப்படி எழுதியிருக்கிறேன்:

சைபர் இடர்நேர்வு ஒப்பீடு: ஒரே துறை நிறுவனங்களின் உற்பத்தி வரிசைகளில், குறிப்பிட்ட கணினி அமைப்பு நின்றால் ஏற்படும் தாங்காநேரத்தையும், அதன் இழப்பையும், உணவுத் தீங்காக மாறும் வாய்ப்பையும் அருகருகே வைத்து மதிப்பிடுதல்.
தாங்குநேரம்: சரக்கோ உயிரினமோ பாழாகாமல், வாங்குபவருக்கு வழங்கல் முறியாமல் வரிசை நிற்கக்கூடிய மிகக் கூடிய நேரம்.
மீள்நேரம்: சோதனையில் அளந்தது. மீள்நேர இலக்கு: திட்டத்தில் எழுதியது.
தாங்காநேரம்: மீள்நேரத்தில் தாங்குநேரம் போக மீதி.

மடல் 7

பதிவு நன்றாக வந்திருக்கின்றது. ‘சைபர் இடர்நேர்வு ஒப்பீடு’ வரையறையில் ஒரு சொற்றொடர் சேர்க்க வேண்டும். 2021 ஏப்ரலில் நெதர்லாந்தில் பாக்கர் லொஜிஸ்டீக் என்ற குளிர்க்கிடங்கு, போக்குவரத்து நிறுவனம் கப்ப நிரலால் முடங்கியபோது, ஆல்பர்ட் ஹைன் கடைகளில் பாலாடைக்கட்டிக்குத் தட்டுப்பாடு வந்தது. சீஸ் செய்த ஆலைகளின் கணினிகளில் எந்தப் பழுதும் இல்லை. எனவே ‘குறிப்பிட்ட கணினி அமைப்பு’ என்ற இடத்தில் ‘நிறுவனத்தினதோ, அதன் கிடங்கு, போக்குவரத்து ஒப்பந்தக்காரரினதோ’ என்று சேர்த்துவிடுங்கள்.