தொட்டி மீனைக் கடலில் விடலாமா?

குமரன்: எல்லோரிடமும் ஒரு யோசனை கேட்கணும். வீடு மாறுகிறேன். அங்கே கடல்மீன் தொட்டி வைக்க இடமில்லை. ஒரு சிங்க மீன், இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் பாசி இருக்கிறது. கடலிலேயே விட்டுவிடலாமா?

மாலதி அத்தை: நல்ல காரியம்டா. கண்ணாடிக்குள் அடைபட்டுக் கிடந்தவை. புண்ணியமாகப் போகும்.

செல்வி: குமரா, தயவுசெய்து விடாதே. அத்தை, இது புண்ணியத்தில் சேராது.

குமரன்: ஏன் அக்கா? சிங்க மீன் இந்தியப் பெருங்கடலில் இருப்பதுதானே? அதன் வீட்டுக்குத்தானே அனுப்புகிறேன்.

செல்வி: உன் மீன் எந்தக் கடலில் பிடிபட்டது என்று உனக்கே தெரியாது. கடைத் தொட்டியில் பல கடல்களின் மீன்கள் ஒரே தண்ணீரில் இருந்திருக்கும். ஒன்றின் ஒட்டுண்ணியும் கிருமியும் மற்றதற்குத் தொற்றியிருந்தால் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதையும் சேர்த்துத்தான் கடலில் விடுவாய்.

அட்லாண்டிக்கில் நடந்ததைப் பார். அங்கே முன்பு சிங்க மீனே கிடையாது. 1985-ல் புளோரிடா கரையோரம் முதலில் கண்ணில் பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விட்டதுதான் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். இன்று கரீபியன் முழுக்கப் பரவி பிரேசில் வரை போய்விட்டது. அங்குள்ள சின்ன மீன்களுக்கு அது எதிரி என்றே தெரியாது, பக்கத்தில் வந்தாலும் ஓடாது. பஹாமாஸில் சோதனைக்காகச் சிங்க மீனை விட்ட பவளத் திட்டுகளில், புதிதாக வந்து சேரும் குஞ்சு மீன்கள் ஐந்தே வாரத்தில் 79 சதவீதம் குறைந்துபோயின.

மாலதி அத்தை: ஐயோ! பிடித்துச் சாப்பிட்டுத் தீர்க்க முடியாதா?

செல்வி: பிடிக்கிறார்கள் அத்தை, போட்டி வைத்தே பிடிக்கிறார்கள். முள்ளில்தான் விஷம், சதையைச் சாப்பிடலாம். ஆனால் 300 மீட்டர் ஆழத்திலும் அது இருக்கிறது. முக்குளிப்பவர்கள் அங்கே எப்படிப் போவார்கள்?

குமரன்: சரி, மீனை விடவில்லை. பாசியை மட்டுமாவது போட்டுவிடலாமா?

செல்வி: அதையும் போடாதே. தொட்டி அழகுக்கு வளர்த்த கலெர்ப்பா என்ற பாசி 1984-ல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் ஒரு சின்னத் திட்டாகத் தெரிந்தது. ஒரு துண்டு பிய்ந்தாலே புதுச் செடியாகிவிடும். படகு நங்கூரத்திலும் வலையிலும் ஒட்டிக்கொண்டு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது.

ராகவன் மாமா: இதில் எங்கள் கப்பல்காரர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. சரக்கை இறக்கியதும் கப்பல் லேசாகி ஆட்டம் காணும். அதனால் துறைமுகத் தண்ணீரையே அடித்தொட்டிகளில் நிரப்பிக்கொள்வோம், பேலஸ்ட் என்போம். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அதை வெளியே விடுவோம். அந்தத் தண்ணீரோடு நண்டு, சிப்பி, இழுதுமீன் எல்லாவற்றின் இளம் உயிர்களும் கண்டம் விட்டுக் கண்டம் போய்விடும்.

கருங்கடலில் 1980-களில் இப்படித்தான் அமெரிக்கப் பக்கத்துச் சீப்பு இழுது, அதாவது இழுதுமீன் போன்ற ஓர் உயிர், வந்து சேர்ந்தது. மீன் முட்டையையும், குஞ்சு மீன்களின் இரையையும் தின்று பெருகியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நெத்திலிப் பிடிப்பு சரிந்தது. ஆனால் பழி முழுவதையும் இழுதின் மேல் போட முடியாது. அதற்கு முன்பே பெரிய மீன்களை அளவில்லாமல் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். வயல் உரமெல்லாம் ஆற்றோடு வந்து கடலைக் கெடுத்திருந்தது. நாம் காலி செய்து வைத்த இடத்தில் அது குடியேறியது.

மாலதி அத்தை: எண்ணூரில் ஏதோ சிப்பி என்று செய்தி வந்ததே, அதுவும் இந்தக் கதைதானா?

செல்வி: ஆமாம் அத்தை. மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். தென்னமெரிக்கப் பக்கத்துச் சிப்பி. கப்பல் வழியாக வந்திருக்க வேண்டும் என்று சந்தேகிக்கிறார்கள். கழிமுகத்தின் தரையில் ஒன்றோடொன்று பின்னிக் கம்பளம் மாதிரி படர்ந்துவிட்டது. இறால் சேற்றில் புதைந்து வாழ்வது. சேற்றையே மூடிவிட்டால் அது எங்கே போகும்? ஏற்கெனவே மட்டியும் குறைந்துகொண்டிருந்தது. சாம்பலும் ஆலைக் கழிவும் கலந்த தண்ணீர் அது. கப்பலும் அந்த மீனவர்களுடையதில்லை, ஆலையும் அவர்களுடையதில்லை, பிழைப்பு மட்டும் கழிமுகத்தை நம்பி இருப்பவர்களுடையது. இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

குமரன்: கப்பலுக்கு விதி எதுவும் கிடையாதா மாமா?

ராகவன் மாமா: உண்டு. 2004-ல் பன்னாட்டு உடன்படிக்கை போட்டார்கள், 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. முதலில் நடுக்கடலில் தண்ணீரை மாற்றச் சொன்னார்கள். இப்போது வடிகட்டி, கிருமி நீக்கித்தான் விட வேண்டும். ஆனால் கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டி வருவதற்கு அது போதாது.

செல்வி: தெரியாமல் வருவது ஒரு பக்கம், தெரிந்தே கொண்டுவருவது இன்னொரு பக்கம். கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை வருமானத்துக்காகத்தான் வளர்க்க ஆரம்பித்தார்கள். மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பது 2008-ல் வெளியே வந்தது. வெயில் படாமல் பவளம் செத்துப்போகும்.

மாலதி அத்தை: அந்தப் பாசியை நம்பி எத்தனையோ பெண்கள் பிழைக்கிறார்களே செல்வி. அவர்களைக் குறை சொல்லாதே.

செல்வி: அவர்களைச் சொல்லவே இல்லை அத்தை. பவளத் தீவுகளுக்குப் பக்கத்தில் எதை வளர்க்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

குமரன்: அப்போ ஒருமுறை வந்துவிட்டால் மீட்சியே இல்லையா?

செல்வி: கடலுக்குள் பரவிய பிறகு ரொம்பக் கஷ்டம். தீவுகளில் வழி இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளில் சிலவற்றில் கப்பலோடு எலி வந்து சேர்ந்தது. அது கடற்பறவைகளின் முட்டையைத் தின்றுவிடும். பறவை இல்லாவிட்டால் எச்சமும் இல்லை. எச்சத்தின் சத்து மழையோடு கரைந்து பவளத்திட்டுக்குப் போகும் வழி அடைந்துபோகும். எலி இல்லாத தீவுகளில் கடற்பறவைகள் 760 மடங்கு அடர்த்தியாக இருந்தன, அவற்றை ஒட்டிய திட்டுகளில் மீன்களின் மொத்த எடையும் 48 சதவீதம் அதிகம். உலகில் நூற்றுக்கணக்கான தீவுகளில் எலியை ஒழித்திருக்கிறார்கள். பறவைகள் திரும்பி வருகின்றன.

குமரன்: எலிக்கும் பவளத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைத்தே பார்த்ததில்லை அக்கா. சரி, நான் இப்போது என்ன செய்ய?

செல்வி: வாங்கின கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேள். இல்லையென்றால் தொட்டி வைத்திருக்கும் வேறு யாருக்காவது கொடு. பாசியை நன்றாக வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடு. தொட்டித் தண்ணீரில் பிளீச்சிங் கலந்து ஒரு நாள் வைத்துவிட்டுக் கழிவறையில் ஊற்று. மழைநீர்க் கால்வாயில் மட்டும் ஊற்றாதே, அது நேராகக் கடலுக்குத்தான் போகும்.

மாலதி அத்தை: கோமாளி மீன் இரண்டையும் எனக்குக் கொடு குமரா. உன் மாமா தொட்டியைப் பார்த்துக்கொள்வார்.

ராகவன் மாமா: கொண்டு வாப்பா. சிங்க மீனை மட்டும் கடையில் கொடுத்துவிடு, இன்னும் வளர்ந்தால் கோமாளி மீனை விழுங்கிவிடும்.